தொட்டிக்குள்ளே யார் யார்?

வீட்டில் உப்புத்தண்ணீர் மீன் தொட்டி வைத்தவர்கள் எல்லோருக்கும் ஒரு ராத்திரி வரும். அநேகமாக மூன்றாவது வாரத்தில். தொட்டி விளக்கை அணைத்தாயிற்று. படுக்கப் போகிற வழியில் சும்மா ஒரு டார்ச் அடித்துப் பார்த்தால், கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். உற்றுப் பார்த்தால் அந்தப் புள்ளிகள் ஊர்கின்றன! கல் இடுக்கிலிருந்து சிவப்பாக, ரோமம் வைத்த ஏதோ ஒன்று அரை விரல் நீளத்துக்குத் தலையை நீட்டுகிறது. வெளிச்சம் பட்டதும் சடாரென்று உள்ளே போய்விடுகிறது.

காசு கொடுத்து வாங்கியது நாலு மீன். மற்றவர்களை எல்லாம் யார் கூப்பிட்டது?

மறுநாள் நடப்பதும் எல்லா வீட்டிலும் ஒன்றுதான். "தொட்டியில பூச்சி வச்சிருச்சு, எல்லாத்தையும் கொண்டுபோய் வெளிய ஊத்து" என்று வீட்டில் ஒரு சத்தம். "மருந்து ஊத்தினா எல்லாம் செத்துரும் தம்பி" என்று தெரிந்தவர் ஒருவரின் யோசனை. அந்த யோசனை நூற்றுக்கு நூறு உண்மை. எல்லாம்தான் செத்துவிடும். மீன் நோய்க்கு விற்கிற பல மருந்துகளில் தாமிரம் இருக்கிறது. மீன் தாங்கிக்கொள்ளும் அளவுத் தாமிரத்தை முதுகெலும்பில்லாத சிற்றுயிர்கள் தாங்காது. ஆயிரக்கணக்கில் செத்தவை கல் இடுக்கிலும் மணலுக்குள்ளும் அழுகும். அம்மோனியா ஏறும். இரண்டு நாளில் நாலு மீனும் மிதக்கும். பூச்சியைக் கொன்று மீனைக் காப்பாற்றப் போய், கடைசியில் இரண்டும் இல்லை.

விஷயம் இதுதான். தொட்டிக்குள் இருப்பது யார் என்று தெரிவதற்கு முன்னால் தீர்ப்பு எழுதக் கூடாது. பெயர் தெரியாத உயிருக்குப் 'பூச்சி' என்று பெயர் வைத்தால் அது முக்கால்வாசி மரண தண்டனைதான்.

எங்கிருந்து வந்தார்கள்?

வேம்பார் மாதிரி ஊரில் தொட்டி வைக்கிறவர்களுக்கு ஒரு வசதி. உப்புப் பொடி வாங்கிக் கலக்க வேண்டாம், கடல் பக்கத்திலேயே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தின் வடகோடியில் இருக்கிற ஊர். வெளியூர்க்காரர்களுக்குக் கருப்பட்டியால் தெரிந்த ஊர். மணப்பாட்டில் தொடங்கி வடக்கே வரிசையாக வரும் பரதவர்களின் ஏழுகடல் துறைகளில் கடைசித் துறை. எதிரே கடலுக்குள் மூன்று தீவுகள்: நல்லதண்ணி, உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி. இந்தப் பெயர்களையே கவனியுங்கள். நல்லதண்ணி, உப்புத்தண்ணி என்றால் அது வெறும் பெயர் இல்லை, கடலோடிக்குத் தேவையான தகவல். ஒரு பெயர் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

அந்தக் கடலிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்தால், பார்வைக்குக் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆனால் அதற்குள் நண்டுக்குஞ்சு, சிப்பிக்குஞ்சு, புழுக்குஞ்சு, நட்சத்திர மீன் குஞ்சு என்று பலதும் மிதந்துகொண்டிருக்கும். கடல்வாழ் சிற்றுயிர்களில் பெரும்பாலானவை வாழ்க்கையின் முதல் சில நாட்களை, சில சமயம் சில வாரங்களை, இப்படி மிதந்தே கழிக்கின்றன. தொட்டியில் ஒரு கல்லைப் பார்த்ததும் "இதுதான் நம்ம வீடு" என்று உட்கார்ந்துவிடும். கடைசியாக வாங்கிய மீனோடு வந்த பாலிதீன் பைத் தண்ணீரிலும் இதே கதைதான்.

வெளிநாட்டுத் தொட்டிக்காரர்கள் 'உயிர்ப்பாறை' என்று ஒன்றை வாங்கிப் போடுவார்கள். பழைய பவளப்பாறைத் துண்டு, அதன் ஓட்டைகளுக்குள் ஒரு கிராமமே குடியிருக்கும். "நம்ம ஊர்லதான் பவளப்பாறை இருக்கே, ஒரு துண்டு எடுத்தா என்ன?" என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986ல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பாறை கட்டும் பவளங்கள் 2001ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. புலி இருக்கிற அட்டவணை அது! செத்த பவளத்துண்டும் சட்டத்தின் கண்ணில் பவளம்தான். சட்டத்தை விடுங்கள், காரணத்தைப் பாருங்கள். அந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தது அதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். சாதாரணக் கருங்கல், சுட்ட மண் துண்டு, சிமெண்டில் செய்த கல் எதுவானாலும் போதும். ஆறு மாதத்தில் அதிலும் குடியேற ஆள் வந்துவிடும்.

முத்துக் கரையில் பெயர் சின்ன விஷயம் இல்லை

"நகக்கண் அளவு உயிருக்குப் பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கடற்கரையே ஒரு பதில்.

முத்துக்குளிப்பு என்பது நினைத்த நாளில் இறங்குகிற தொழிலாக இருந்ததில்லை. முதலில் அரசாங்கப் படகு போய்ப் பார்களைச் சோதிக்கும். (கடலடிப் பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர்.) குளியாளிகள் கொண்டுவரும் சிப்பிகளை எண்ணி, வயது பார்த்து, இன்னும் எத்தனை வருடத்தில் முதிரும் என்று கணக்குப் போடுவார்கள். இந்தக் கணக்கில் ஒரு சிக்கல் இருந்தது. முத்துச்சிப்பிக் குஞ்சைப் போலவே தோன்றும் வேறொரு சிப்பி உண்டு. அவிக்குலா வெக்சில்லம் என்பது அதன் அந்தக் காலத்து அறிவியல் பெயர். முத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பழைய அறிக்கைகளில் அதற்குப் 'போலிக் குஞ்சு' என்றே பெயர். அதைப் பார்த்து ஏமாந்தால், வராத ஒரு முத்துக்குளிப்புக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். சூரன் என்று குளியாளிகள் சொன்ன சிறு மட்டி இன்னொரு வில்லன். நூல் நூலாகப் பின்னிப் பாரின் மேல் பாய் விரித்தாற்போல் படர்ந்து, அடியில் இருக்கிற முத்துச்சிப்பிக் குஞ்சுகளை மூச்சுமுட்ட வைத்துவிடும். மூன்றும் சிறிசு. மூன்றும் சிப்பி. எது எது என்று தெரிந்தவருக்குத்தான் பாரின் எதிர்காலம் தெரியும்.

1902ல் பேராசிரியர் ஹெர்ட்மனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய வந்தார்கள். ஹார்னெல் பிற்பாடு சென்னை மாகாண மீன்வளத்துறைக்கே இயக்குநர் ஆனவர். சிப்பியின் சதைக்குள் நுண்ணிய நாடாப்புழுக் குஞ்சுகள் இருப்பதைப் பார்த்து, நல்ல முத்துக்கு இந்தப் புழுதான் கரு என்றார்கள் இருவரும். உலகமே நம்பியது. பத்து வருடத்தில் லிஸ்டர் ஜேம்சன் என்ற இன்னொரு ஆய்வாளர் இலங்கை முத்துக்களையே அறுத்துப் பார்த்து, அந்தக் கொள்கைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்தார். புழு சிப்பிக்குள் இருந்தது உண்மை. ஆனால் அது செய்யாத வேலையை அதன் தலையில் கட்டிவிட்டார்கள். தொட்டிக்காரர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. செத்த மீன் மேல் ஒரு புழு உட்கார்ந்திருந்தால், புழுதான் கொன்றது என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் அது சாப்பிட வந்த விருந்தாளி.

தூத்துக்குடிக் கடலில் பழைய முறை முத்துக்குளிப்பு 1961க்கு அப்புறம் நடக்கவில்லை. 1973ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடிக் குழு, அழகர்சாமி தலைமையில், வேப்பலோடையில் சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்துக் காட்டியது. 1980களின் தொடக்கத்தில் சிப்பிக் குஞ்சுகளையே பொரிப்பகத்தில் உண்டாக்கினார்கள். சுமார் மூன்று வாரம் தண்ணீரில் மிதந்து, ஒவ்வொரு கட்டத்திலும் முகத்தை மாற்றிக்கொண்டு, பிறகுதான் அது சிப்பி என்று சொல்லும்படி ஒட்டிக்கொள்கிறது. குஞ்சும் தாயும் ஒரே ஜாடையாக இருக்கும் என்ற எதிர்பார்ப்பைக் கடலில் விட்டுவிட வேண்டும்.

பார்ப்பது எப்படி?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற பத்து மடங்கு லென்ஸ் ஒன்று. மருந்துக்கடை டிராப்பர் ஒன்று. கழுவிய வெள்ளை ஐஸ்கிரீம் கப் ஒன்று, கறுப்பு மூடி ஒன்று. (வெள்ளை உயிர் கறுப்பில் தெரியும், கறுப்பு உயிர் வெள்ளையில் தெரியும்.) டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டால் நல்லது, இந்த ஜீவன்களில் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் சரியாகத் தெரியாது, ஓடி ஒளியாது. இன்னும் உள்ளே போக ஆசைப்படுகிறவர்களுக்கு மனு பிரகாஷ் குழு 2014ல் உலகத்துக்குக் காட்டிய ஃபோல்ட்ஸ்கோப் இருக்கிறது. காகிதத்தை மடித்துச் செய்கிற மைக்ராஸ்கோப்.

பிடித்ததும் படத்தோடு ஒப்பிட ஓடக் கூடாது. முதலில் ஐந்து கேள்வி.

ஒன்று: ஒட்டிக்கொண்டு இருக்கிறதா, ஊர்கிறதா, நீந்துகிறதா?
இரண்டு: உடம்பு எந்தப் பக்கம் தட்டையாக இருக்கிறது, மேலிருந்து கீழாகவா, பக்கவாட்டிலா?
மூன்று: கால்கள் உண்டா? எல்லாக் கால்களும் ஒரே மாதிரியா?
நான்கு: தொட்டால் என்ன செய்கிறது?
ஐந்து: எதன் மேல் இருக்கிறது, எதைத் தின்கிறது?

நிறம் என்ற கேள்வியே இதில் இல்லை. கவனித்தீர்களா? நிறத்தை நம்பி ஏமாந்தவர்கள்தான் அதிகம். தின்றதைப் பொறுத்து நிறம் மாறுகிற உயிர்கள் நிறைய.

இனி அணிவகுப்பு

ஊருகிற வெள்ளைப் புள்ளிகள்: தொண்ணூறு சதவீதம் கோப்பிபாட். துடுப்புக்காலிகள் என்று பாடப்புத்தகத்தில் இருக்கும். அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர். லென்ஸில் கண்ணீர்த்துளி வடிவம், வால்பக்கம் இரண்டு ரோமம், நெற்றியில் ஒற்றைக் கண். வயிற்றடியில் பை தொங்கினால் அது முட்டை சுமக்கிற தாய். பாசியையும் கழிவையும் தின்று தானே மீன் உணவாகிறது. கடல்குதிரை மாதிரி மீன்களுக்கு இதைவிடப் பிடித்த சாப்பாடு கிடையாது. தீர்ப்பு: விடுதலை, மாலை மரியாதையுடன்.

தலைகீழாக நீந்துகிற ஆரஞ்சு இழை: உப்பளம் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அறிமுகமான ஆர்ட்டீமியா. தூத்துக்குடி உப்பளங்களில் கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பு ஏறிய பாத்திகளில் வாழ்கிற சிற்றிறால். வயிறு மேலே, முதுகு கீழே என்று மல்லாக்க நீந்தினால் வேறு சாட்சியே வேண்டாம். மீன் உள்ள தொட்டியில் இது ஒரு நாள் தாண்டாது.

'ட' மாதிரி வளைந்து, ஒருக்களித்துத் துள்ளுகிற இறால்குட்டி: இறால்குட்டி இல்லை, ஆம்ஃபிபாட். உடம்பு பக்கவாட்டில் நசுங்கியிருக்கும். கரையில் ஒதுங்கிய காய்ந்த பாசியைப் புரட்டினால் தெறித்து ஓடுகிறதே, அதன் சொந்தக்காரர். தீர்ப்பு: விடுதலை.

மேலிருந்து தட்டையாக அமுங்கிய, மரவட்டைக்கும் கரப்பானுக்கும் நடுவில் ஒன்று: ஐசோபாட். இங்கேதான் நிதானம் தேவை. பாசி தின்னும் சாது ஐசோபாட்டும் உண்டு, ராத்திரி மீனின் ரத்தம் குடிக்கிறதும் உண்டு. மீன் வாயைத் திறந்தால் நாக்கு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று உட்கார்ந்திருக்குமே, மீன் ஆய்கிற எல்லோருக்கும் தெரியும், அதுவும் இந்தக் குடும்பம்தான். பெரிய கண், வேகமான நேர்கோட்டு நீச்சல், காலையில் மீன் உடம்பில் காயம், இவை மூன்றும் சேர்ந்தால் பிடித்து வெளியேற்ற வேண்டியதுதான். ஒன்று மட்டும் இருந்தால் இன்னும் விசாரணை பாக்கி.

கொசுவத்திச் சுருள் மாதிரி வெள்ளை வட்டங்கள், கண்ணாடியில், குண்டூசித் தலை அளவில்: நத்தை என்று நினைப்பார்கள். புழு! ஸ்பைரோர்பிட் என்று பெயர், சுண்ணாம்பில் வீடு கட்டி அதற்குள் உட்கார்ந்து தண்ணீரை வடிகட்டித் தின்கிறது. லென்ஸில் பார்த்தால் வாசலில் குட்டி விசிறி விரியும். இடத்தை விட்டு நகராது. நகர்ந்தால் அது உண்மையிலேயே நத்தை.

கம்பளிப்புழு மாதிரி ரோமம் வைத்தது: எல்லோரையும் அலற வைக்கிற பலசுணைப்புழு. தொட்டியின் துப்புரவுப் பணியாளர் இவர்தான். மிஞ்சிய தீனி, செத்த நத்தை எல்லாம் ராத்திரியில் காலி. கையால் மட்டும் பிடிக்கக் கூடாது. சுணை குத்தினால் செலோடேப்பை ஒட்டிப் பிய்த்து எடுக்கலாம். இவர் எண்ணிக்கை திடீரென்று பெருகினால் அது புழுவின் குற்றம் இல்லை, தீனி அதிகமாகப் போடுகிறவரின் குற்றம். ஒரே ஒரு எச்சரிக்கை. தலையில் ஐந்து உணர்கொம்பு, உடம்பில் வானவில் பளபளப்பு, வலுவான தாடை இருந்தால் அது யூனிசிட் என்ற வேறு குடும்பம். 2009ல் இங்கிலாந்தின் நியூகே ஊர்க் காட்சியகத்தில் பவளங்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கடிபட்டுப் போயின, மீன்கள் காணாமல் போயின. யார் என்று தெரியாமல் கடைசியில் பாறைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு மீட்டருக்கு மேல் நீளமான யூனிசிட் உள்ளே இருந்தது! பாரி என்று பெயர் வைத்துத் தனித் தொட்டி கொடுத்தார்கள். கொல்லவில்லை பாருங்கள்.

கை நீளம் சமமில்லாத குட்டி நட்சத்திரம்: ஆஸ்டரினா வகை. ஒரு பக்கம் மூன்று கை நீளம், மறுபக்கம் இரண்டு குட்டை என்றால் நோய் இல்லை, தன்னைத்தானே இரண்டாகப் பிய்த்துக்கொண்டு பெருகுகிறது. பெரும்பாலும் கண்ணாடிப் பாசி தின்பவை. கல் ஓட்டையிலிருந்து பாம்பு மாதிரி கைகள் மட்டும் நெளிந்தால் அது குட்டி நொறுங்கு நட்சத்திரம். அதில் ஆம்ஃபிஃபோலிஸ் என்ற ஒரு வகை குஞ்சுகளை உடம்புக்குள்ளேயே வைத்து வளர்த்து வெளியே விடும். இரண்டும் விடுதலை.

அறுபது வருடம் தப்பான பெயர்

மேலே சொன்னவற்றில் எதிலும் சேராத, உருவமே இல்லாத ஒரு சாம்பல் படலம் கண்ணாடியில் மெல்ல நகர்ந்தால்? துடைத்துவிடத் தோன்றும். துடைப்பதற்கு முன் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்துக் கதை.

1883ல் அங்கே பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் எய்ல்ஹார்ட் ஷூல்ட்ஸே என்ற விலங்கியல் பேராசிரியர் உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தார். அதன் கண்ணாடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் தட்டையாக ஒன்று ஊர்ந்தது. வாய் இல்லை, வயிறு இல்லை, நரம்பு இல்லை, முன்பக்கம் பின்பக்கம் இல்லை. உருவமும் நிமிடத்துக்கு நிமிடம் மாறியது. ட்ரைக்கோபிளாக்ஸ் என்று பெயர் வைத்து, இது வேறெந்த விலங்கோடும் சேராது என்று எழுதினார். சரியாகத்தான் எழுதினார். ஆனால் 1907ல் இன்னொருவர், இது எலுத்தீரியா என்ற குட்டிச் சொறியின் குஞ்சுதான், தனி விலங்கே இல்லை என்று அடித்துச் சொன்னார். பாடப்புத்தகங்கள் அதையே திருப்பி எழுதின. எல்லோரும் மறந்துபோனார்கள்.

1960களின் கடைசியில் கார்ல் கிரெல் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அதை மறுபடி வளர்த்துப் பார்த்து, முட்டையைக் கண்டுபிடித்தார். குஞ்சு எப்படி முட்டை வைக்கும்? 1971ல் பிளாக்கோசோவா என்று ஒரு தனித் தொகுதியே உண்டானது. தொகுதி என்றால் சாதாரணம் இல்லை. மீன், தவளை, பறவை, மனிதன் எல்லாம் சேர்ந்தது ஒரு தொகுதி. 2008ல் அதன் மரபணுத் தொகுப்பை வாசித்தார்கள். நரம்பே இல்லாத அந்த உயிரில் சுமார் 11,500 மரபணுக்கள், அவற்றில் பல மற்ற விலங்குகளின் நரம்பு மண்டலத்துக்கு வேண்டியவை! விலங்கு என்ற ஒன்று எப்படித் தொடங்கியிருக்கும் என்று கேட்கிறவர்கள் எல்லாம் இன்றைக்கு அந்தப் படலத்திடம்தான் போகிறார்கள். காகித மைக்ராஸ்கோப் மனு பிரகாஷின் ஆய்வுக்கூடமும் அதில் ஒன்று.

ஆழ்கடலிலோ அண்டார்டிகாவிலோ இல்லை, தொட்டிக் கண்ணாடியில் கிடைத்தது. வெப்பமான கடல்களில் பரவலாக வாழ்கிறது. ஒரு தப்பான பெயர் அதை அறுபது வருடம் யாரும் திரும்பிப் பார்க்காமல் செய்துவிட்டது. "தெரியவில்லை" என்று எழுதியிருந்தால்கூட யாராவது தேடியிருப்பார்கள்.

எதிரியிடமும் ஒரு சேதி

தொட்டிக்காரர்களின் பரம எதிரி ஐப்டேசியா. பழுப்பு நிறத்தில், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிகிற, ஒரு அங்குலக் கடல்தாமரை. குழாய்ப்புழுவோடு குழப்பிக்கொள்வார்கள். குழாய்ப்புழு தொட்ட மறுகணம் தன் குழாய்க்குள் மறையும், வெளியே குழாய் நிற்கும். ஐப்டேசியாவுக்குக் குழாய் இல்லை, கல் ஓட்டைக்குள் சுருங்கிக்கொள்ளும். இதைக் கத்தியால் சுரண்டினால் வம்பு. ஒட்டியிருக்கும் அடிப்பாதத்தின் துணுக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஐப்டேசியாவாக வளரும். ஒன்று பத்தாகும். பெர்கியா என்ற ஓடில்லாக் கடல்நத்தை இதை மட்டுமே தின்று வாழ்கிறது. எதிரியின் சரியான பெயர் தெரிந்தவருக்குத்தான் எதிரியின் எதிரியும் தெரியும்.

இதே ஐப்டேசியாவை உலகத்தின் பல ஆய்வுக்கூடங்களில் ஆசையோடு வளர்க்கிறார்கள். காரணம் அந்தப் பழுப்பு நிறம். அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருந்து வெயிலில் சர்க்கரை சமைத்துக் கொடுக்கின்றன. பவளத்துக்கும் அப்படியேதான். தண்ணீர் சூடானால் பவளம் பாசியை வெளியேற்றி வெளுக்கிறது, ஐப்டேசியாவும் வெளுக்கிறது. பவளம் மெதுவாக வளரும், சீக்கிரம் சாகும். ஐப்டேசியா வேகமாகப் பெருகும், லேசில் சாகாது. ஆகவே பவளத்தின் வியாதியை ஐப்டேசியாவிடம் படிக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் பெருமளவில் வெளுத்தன, நிறையச் செத்தன. தொட்டி ஹீட்டர் கெட்டுப்போன வாரத்தில் ஐப்டேசியா வெள்ளையாகத் தெரிந்தால், அது எதிரேயுள்ள தீவைச் சுற்றி நடந்ததன் சின்ன நகல்.

பெயர் கிடைக்காவிட்டால்?

முழுப்பெயர் கிடைக்காமல் போவதுதான் சகஜம். பல கோப்பிபாட்களை இனம் பிரிக்கக் காலைக் கழற்றி மைக்ராஸ்கோப்பில் வைக்க வேண்டும், அதற்கென்றே வாழ்க்கையைக் கொடுத்த நிபுணர்கள் இருக்கிறார்கள். தொட்டிக்காரர் "கோப்பிபாட், ஊருகிற வகை" என்று நிறுத்திக்கொண்டால் அது முழு மதிப்பெண் விடை. தெரிந்த படிக்கட்டு வரை ஏறி நிற்பது கௌரவம். தெரியாத படிக்கட்டில் தாவினால் 1907 கதைதான். படத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் கேட்கலாம். தூத்துக்குடியிலேயே மீன்வளக் கல்லூரியும், சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய கடல்மீன் நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. உலகத்தில் எத்தனை தொட்டிக்காரர்களுக்கு இந்த வசதி உண்டு!

ஒன்று மட்டும் கூடாது. யார் என்று தெரியாத உயிரை "பாவம், உயிரோடு விட்டுவிடலாம்" என்று கடலில் கொண்டுபோய் விடுவது. 1984ல் மத்தியத்தரைக் கடலில், மொனாகோ கடற்காட்சியகத்துக்குக் கீழே ஒரு துண்டு நிலத்தில் காலர்ப்பா என்ற தொட்டிப் பாசி முதலில் தென்பட்டது. பிறகு ஆயிரக்கணக்கான ஹெக்டேர் கடலடியில் பரவியது. மண்டபம் பக்கத்துக் குருசடைத் தீவில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் பாசி பவளங்களின் மேல் படர்ந்திருப்பதை 2008ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். தொட்டியில் நாலு ஊர் மீனும் நாலு ஊர் தண்ணீரும் கலந்திருக்கின்றன. கழிக்கிற தண்ணீரைக் கரைக்குத் தள்ளி மணலில் ஊற்றலாம், பாசியையும் கல்லையும் வெயிலில் நன்றாகக் காயப் போடலாம்.

அதே குருசடைத் தீவின் கரையோர உயிர்களை எல்லாம் கிரேவ்லி தலைமையில் சென்னை அருங்காட்சியகம் 1927ல் ஒரு புத்தகமாக வெளியிட்டது. கடற்பஞ்சு, புழு, நண்டு, நத்தை என்று வகை வகையாக, பொறுமையாக. அன்றைக்குப் பெரிய பரபரப்பு ஒன்றும் இருந்திருக்காது. இன்றைக்கு அந்தக் கரையில் எது குறைந்தது, எது புதிதாக வந்தது என்று பார்க்கிறவர்களுக்கு அந்தப் பட்டியல்தான் அளவுகோல். இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்தால்தான், இல்லாமல் போனது இன்னொருவருக்குத் தெரியும்.

ஆகவே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, அளவு, எங்கே இருந்தது, என்ன செய்தது. பெயர் என்ற இடத்தைக் காலியாக விட்டுவிடலாம். அது மெதுவாக வரட்டும்.